லேண்ட்லைன் இல்லாத வீட்டுக்கு எந்த இணையம்?

இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டில் இணையம் வேண்டும் என்றால் முதலில் லேண்ட்லைன் வேண்டும். லேண்ட்லைனுக்கு மாத வாடகை, அதற்கு மேல் இணையத்துக்குத் தனிக் கட்டணம் என்று இரண்டு செலவு. இன்று தமிழ்நாட்டில் புதிதாகக் குடிபோகும் குடும்பங்களில் தொலைபேசிக்கு மனுப் போடுபவர்கள் அபூர்வம். ஆனால் இணையம் இல்லாமல் முடிவதில்லை. பிள்ளையின் வகுப்பு, வீட்டிலிருந்தே பார்க்கும் அலுவலக வேலை, வாசலில் மாட்டிய கேமரா, டிவியில் படம் என எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருக்கிறது. லேண்ட்லைன் இல்லாமல், கையைக் கடிக்காத செலவில், நம்பகமான இணைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பலரும் செய்வது ஒன்றுதான். நான்கைந்து நிறுவனங்களின் மாதக் கட்டணத்தை வரிசையாக எழுதி, குறைந்ததை வட்டமிடுகிறார்கள். அந்த வட்டம் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. மலிவைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. முதலாவது, வீட்டில் உள்ள அத்தனை செல்போன் ரீசார்ஜையும் சேர்த்துப் போடும் ஆண்டுக் கணக்கு. இரண்டாவது, உங்கள் தெருக் கம்பம் வரை யாருடைய கேபிள் வந்திருக்கிறது, அது அறுந்தால் ஏணியோடு யார் வருவார் என்பது. சந்தையில் உள்ள வழிகளை இந்த இரண்டு அளவுகோல்களால் எடைபோட்டுப் பார்ப்போம்.

செம்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது தொலைபேசி வழியே டயல் செய்துதான் நுழைய முடியும். இணையத்தில் இருக்கும் நேரம் முழுக்க வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. 2004இல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் தொலைபேசிக் கம்பியிலேயே பிராட்பேண்ட் தந்தது. 500 ரூபாய்த் திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை அளவில்லாமல் பதிவிறக்கலாம் என்ற சலுகை இருந்ததால், அலாரம் வைத்து எழுந்து படங்களை இறக்கிய ஒரு தலைமுறையே இங்கு உண்டு.

அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஓர் இயற்கையான எல்லை இருந்தது. செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்த வீடுகளுக்கு விளம்பரத்தில் சொன்ன வேகம் வந்ததே இல்லை. மழை பெய்தால் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கி இரைச்சல் வரும். இணையம் விட்டுவிட்டு வரும்.

2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி வந்தது. பல வீடுகளுக்குச் செல்போன்தான் முதல் இணையம். லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுப்பதும் அதன்பின் வேகம் பிடித்தது. ஆனால் வீட்டு இணையத்தின் விலையை உண்மையில் இறக்கியது கொரோனா ஆண்டு. 2020 செப்டம்பரில் ஜியோஃபைபர் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களில் ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் என்றது. அக்டோபரில் பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் தந்தது. இன்றும் அடிப்படைத் திட்டங்களை ஒப்பிடுபவர்கள் ஏறத்தாழ இந்த மூன்று எண்களைச் சுற்றியேதான் வருகிறார்கள். 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை அரசு 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. சந்தை அதற்கு முன்பே அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

லேண்ட்லைனும் முழுதாக மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியின் பின்புறம் தொலைபேசி செருகும் ஓட்டை ஒன்று இருக்கும். பழைய போனை அதில் மாட்டினால் பேசலாம்; பல திட்டங்களில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தொலைபேசி இருந்தால்தான் இணையம் என்று இருந்த காலம் போய், இணையத்துக்குத் தொலைபேசி இலவசமாக வருகிறது.

இப்போது உள்ள வழிகள்

முதல் வழி, பெரிய நிறுவனங்கள் நேரடியாகத் தரும் ஃபைபர். ஜியோ, ஏர்டெல், ஏசிடி போன்றவை நகரங்களில் தங்கள் சொந்த ஆட்களை வைத்து வீடுவரை கண்ணாடி இழை இழுக்கின்றன. ஒரே இழையிலிருந்து வழியில் பிரித்துப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் அந்த வீடுகள் எல்லாம் சேர்ந்து பகிர்வது விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் என்பதால், மாலை நேர நெரிசலிலும் 30, 50 எம்பிபிஎஸ் திட்டக்காரருக்குக் குறை வருவது அரிது. செம்பைப் போலத் தூரம் இதைப் பாதிப்பதில்லை. மழை நீரும் மின்னலும் இழைக்குப் பொருட்டில்லை.

இரண்டாவது வழி, நம் ஊர்களுக்கே உரியது: தெருவின் கேபிள் டிவிக்காரர். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் பிஎஸ்என்எல் ஃபைபரை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்தான். இணையமும் பில்லும் பிஎஸ்என்எல்லுடையவை, கம்பத்திலிருந்து வீடுவரை கேபிளும் பழுதுபார்ப்பும் அவர் பொறுப்பு, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ரயில்வே துறையின் ரயில்டெல் நிறுவனம் தரும் ரயில்வயரும் இதே போல உள்ளூர் கேபிள்காரர்கள் மூலம் வருகிறது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் ஆபரேட்டர்கள் வழியே இணையம் தருகிறது. இந்த வழியில் விலை குறைவு, பேரம் பேசலாம், ஆளைத் தெரியும். ஆனால் சேவையின் தரம் முழுக்க முழுக்க அந்த ஒருவரைச் சார்ந்தது.

மூன்றாவது, கேபிளே இல்லாத 5ஜி வழி. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும், ஜியோ அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட எட்டு நகரங்களிலும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. மொட்டை மாடியில் ஒரு ஆண்டெனாப் பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரௌட்டர். கம்பம் வேண்டாம், தெருவைத் தோண்ட வேண்டாம். பெயரில்தான் ஃபைபர் இருக்கிறது. உள்ளே ஓடுவது செல்போன் கோபுரத்தின் அலைவரிசை. எனவே கோபுரத்தை நோக்கிப் பார்வை மறைக்காமல் இருக்க வேண்டும். பக்கத்து மனையில் இரண்டு மாடி எழும்பினால் வேகம் இறங்கலாம். ஃபைபரின் அடிப்படைத் திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி வரை முழு வேகம் கிடைக்க, ஏர்ஃபைபரில் வழக்கமான வரம்பு 1,000 ஜிபி. ஜியோ ஏர்ஃபைபர் 599 ரூபாயில் 30 எம்பிபிஎஸ்ஸோடு தொலைக்காட்சி அலைவரிசைகளையும் ஓடிடி செயலிகளையும் சேர்த்தே தொடங்கியது.

நான்காவது, செல்போன் ஹாட்ஸ்பாட். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. நாளுக்கு இவ்வளவு ஜிபி என்ற கெடுபிடி உண்டு. போன் வெளியே போனால் வீட்டின் இணையமும் கூடவே போய்விடும். 'அன்லிமிடெட் 5ஜி' என்ற சலுகையும் 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் ஜியோவில் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்றானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் குறைந்த விலையில் வைஃபை தரும் பிஎம்-வாணி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. வீட்டு இணையத்துக்கு அது மாற்றாகவில்லை. செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. கேபிளும் கோபுரமும் எட்டாத மலையூர்களுக்குச் செயற்கைக்கோள் இணையம் பயன்படலாம். வேறு வழி இருக்கும் ஊரில் மலிவைத் தேடுபவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு வேகம் போதும்?

விற்பனையாளர் எப்போதும் நூறிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு வேறு: முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். வீடியோ அழைப்புக்குப் போகவும் வரவும் இரண்டு முதல் நான்கு எம்பிபிஎஸ் தாராளம். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் ஒருவர் அலுவலகக் கூட்டத்தில், ஒருவர் வகுப்பில், கூடத்தில் ஹெச்டி படம், மூன்று செல்போன்களில் ரீல்ஸ் என்றாலும் மொத்தம் 25ஐத் தாண்டுவது கடினம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 முதல் 50 எம்பிபிஎஸ் போதும். 4கே டிவி இரண்டு இருந்தாலோ, பெரிய வீடியோக் கோப்புகளைத் தினமும் அனுப்பும் வேலை என்றாலோ 100 வாங்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்புகளின் அளவைக் கணினி மெகாபைட்டில் காட்டும். ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே 30 எம்பிபிஎஸ் இணைப்பில் பதிவிறக்கம் விநாடிக்கு 3.75 மெகாபைட் என்று காட்டினால் நிறுவனம் ஏமாற்றவில்லை. கணக்கு சரியாகவே இருக்கிறது.

மாத வரம்பையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். 3,300 ஜிபி என்பது நாளுக்கு 110 ஜிபி. ஹெச்டி படம் மணிக்கு அதிகபட்சம் 3 ஜிபி எடுக்கும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. நாள் முழுக்க டிவி ஓடினாலும் சாதாரண வீடு அந்த வரம்பைத் தொடாது. 1,000 ஜிபி வரம்பு என்றால் நாளுக்கு 33 ஜிபி. அதுவும் பல வீடுகளுக்குப் போதும். 4கே படத்துக்கு மணிக்கு 7 ஜிபி ஆகும் என்பதால் அந்தப் பழக்கம் உள்ள வீடு மட்டும் யோசிக்க வேண்டும். வரம்பு தாண்டினாலும் வீட்டு பிராட்பேண்டின் வேகத்தை 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே உத்தரவிட்டிருக்கிறது. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வரம்புக்குப் பின் என்ன வேகம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேற்ற வேகத்தைப் பலர் கேட்பதே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் முகம் திரையில் உறைந்து நிற்பது பெரும்பாலும் அதனால்தான். ஃபைபரில் பல திட்டங்கள் இரு பக்கமும் சம வேகம் தருகின்றன. ஏர்ஃபைபரிலும் ஹாட்ஸ்பாட்டிலும் பதிவேற்றம் பதிவிறக்கத்தை விடக் குறைவாகவே இருக்கும்.

விளம்பர விலையும் வீட்டு விலையும்

செல்போன் ரீசார்ஜில் 349 ரூபாய் என்றால் வரி உட்பட 349 ரூபாய்தான். வீட்டு பிராட்பேண்ட் விளம்பரத்தில் 399 என்றால் அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 399 என்பது 470 ரூபாய் 82 காசாகிறது; 449 என்பது ஏறத்தாழ 530; 499 என்பது 589; 599 என்பது 707. செல்போன் மாதத்துக்குப் பெரும்பாலும் 28 நாள். ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். பிராட்பேண்டுக்கு மாதம் என்பது முழு மாதமாகவோ முப்பது நாளாகவோ இருக்கும். இந்த இரண்டு வேறுபாடுகளையும் கவனிக்காமல் செய்யும் எந்த ஒப்பீடும் தப்பாகத்தான் முடியும்.

நான்கு பேர், நான்கு செல்போன் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலைக்குப் பிந்தைய ஜியோ விலைகளில், எல்லோருக்கும் நாளுக்கு 2 ஜிபி தரும் 349 ரூபாய்த் திட்டம் போட்டால் ஆண்டுச் செலவு 18,148 ரூபாய். வீட்டில் தனி இணையம் கிடையாது, டிவிக்கு ஹாட்ஸ்பாட்தான்.

இப்போது அதே குடும்பம் 399 ரூபாய் ஃபைபரைப் போடுகிறது. வரியோடு ஆண்டுக்கு 5,650. வெளியே போய்வரும் இருவருக்கு நாளுக்கு 1.5 ஜிபி தரும் 299 ரூபாய்த் திட்டம். இருவருக்கும் சேர்த்து 7,774. வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் இருவருக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம். இணையம் வேண்டாதவர்களுக்குத் தனித் திட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்ததால், 2025 ஜனவரி முதல் இது கிடைக்கிறது. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய். இருவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 3,900. மொத்தம் ஏறத்தாழ 17,300 ரூபாய். முன்னைவிடக் குறைந்த செலவில், வீட்டுக்குத் தனியாக ஓர் இணைப்பு கிடைத்துவிட்டது. விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. இணைப்பு வந்த பிறகும் எல்லாப் போன்களுக்கும் பழைய ரீசார்ஜையே தொடர்பவர்களுக்குத்தான் வீட்டு இணையம் விலை உயர்ந்ததாகத் தெரிகிறது.

தனியாக வசிப்பவருக்கு இதே கணக்கு எதிர்த்திசையில் போகும். 349 திட்டம் ஆண்டுக்கு 4,537 ரூபாய். அதற்கு மேல் 5,650க்கு ஃபைபர் போட்டால் செலவு இரண்டு மடங்குக்கும் மேல். மடிக்கணினியில் நாள் முழுக்க வேலை இல்லை என்றால் அவருக்குச் செல்போனே போதும்.

திட்டத்தோடு ஒட்டிவரும் செலவுகளையும் பார்க்க வேண்டும். நிறுவுவதற்கு 1,000 ரூபாய், ஆறு மாதமோ ஓராண்டோ முன்பணம் கட்டினால் அது தள்ளுபடி என்பது பரவலான ஏற்பாடு. ரௌட்டர் இலவசம் என்பார்கள். பெரும்பாலும் அது இரவல்தான், இணைப்பை நிறுத்தும்போது திருப்பித் தர வேண்டும். திருப்பித் தந்ததற்கு ரசீது வாங்காவிட்டால் முன்வைப்புத் தொகை திரும்புவதில் சிக்கல் வரும். ஓடிடி செயலிகள் சேர்ந்த திட்டத்தை, அந்தச் செயலிகளை ஏற்கெனவே பணம் கட்டிப் பார்ப்பவரும், கேபிள் டிவியை நிறுத்தத் துணிந்தவரும் மட்டும் எடுக்கலாம். மற்றவர்களுக்கு அது பார்க்காத படத்துக்கு வாங்கிய டிக்கெட்.

எந்த நிறுவனமானாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். தள்ளுபடியில் சில நூறு ரூபாய் போனாலும் பரவாயில்லை. ஒரு மழையையும் ஒரு மின்வெட்டையும் இணைப்பு தாங்குகிறதா என்று பார்த்த பிறகு ஆண்டுச் சந்தாவுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசிக் கம்பம்

இணைப்பு நிற்பது பெரும்பாலும் நிறுவனத்தின் பெரிய கருவிகள் கெடுவதால் அல்ல. தெருவில் ஈபி கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் கட்டித் தொங்கும் கேபிள் அறுவதால். உயரமான லாரி இழுத்துவிடும்; அணில் கடித்துவிடும்; தேர் வரும் வீதியில் கழற்றி மாட்டுவார்கள்; சாலை போடுபவர்கள் வெட்டிவிடுவார்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் விழுந்த மரங்கள் தெருத்தெருவாகக் கேபிள்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. கேபிள் அறுந்தால் வீட்டிலிருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அதற்கு ஒளி வரவில்லை என்று பொருள். அணைத்துப் போடுவதால் சரியாகாது, ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

எனவே எந்த இணைப்பும் எடுக்கும் முன் தெருவில் மூன்று வீடுகளில் கேளுங்கள். எத்தனை எம்பிபிஎஸ் வருகிறது என்று கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது கட் ஆனது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள், யார் வந்தார் என்று கேளுங்கள். உள்ளூர் கேபிள்காரர் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் தெருவும் உண்டு. பெரிய நிறுவனத்தின் செயலியில் புகார் பதிவாகி நான்கு நாள் ஆகும் தெருவும் உண்டு. அடுத்த தெருவில் இது தலைகீழாக இருக்கும்.

பொருத்த வருபவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: 'பவர் லெவல் எவ்வளவு காட்டுகிறது?' கையிலுள்ள மீட்டரில் அவர் பார்த்துச் சொல்லும் எண் மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் வழியில் எங்கோ இழை மடங்கியிருக்கிறது, அல்லது ஒட்டு சரியில்லை. அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வேலைக்கு யாரும் வரமாட்டார்கள்.

மின்சாரம் அடுத்தது. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ் போதும். சில மணி நேரம் தாங்கும். உங்களிடம் யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் இணையம் நின்றால், தெருமுனையில் உள்ள ஆபரேட்டரின் கருவிக்கு பேட்டரி இல்லை என்று அர்த்தம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லாமல் போயின. அப்படிப்பட்ட நாள்களுக்கென, வீட்டில் ஒரு செல்போனாவது வேறு நிறுவனத்தின் சிம்மோடு இருக்க வேண்டும். ஜியோஃபைபர் வைத்திருக்கும் வீட்டில் எல்லாப் போன்களும் ஜியோவாக இருப்பது நல்லதல்ல.

வீட்டுக்குள் நடப்பது

'நெட் ஸ்லோ' என்ற புகார்களில் ஒரு பகுதி வைஃபையால் வருவது. ரௌட்டரைக் கேபிள் நுழையும் மூலையிலேயே, டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் நெரிசலும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரில் திணறும். இரண்டும் உள்ள ரௌட்டரைக் கேட்டு வாங்கி, வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் கேபிளுக்கு ஆகும் தொகை சொற்பம். நகராத டிவிக்கும் மேசைக் கணினிக்கும் லேன் வயர் போட்டுவிட்டால் வைஃபைக்குப் பாதிச் சுமை குறையும். வேகத்தைச் சோதிக்கும்போதும் மடிக்கணினியை வயரில் இணைத்து, இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் சோதியுங்கள். அந்த நேரத்து எண்தான் உங்கள் உண்மையான வேகம்.

புகாருக்கு வழி உண்டு

பழுது என்றால் வாட்ஸ்அப்பில் கேபிள்காரருக்குச் செய்தி அனுப்புவதோடு நிறுத்துகிறோம். அதோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிலும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராயின் 2012ஆம் ஆண்டு விதி. பழுது பல நாள் நீடித்தால் வாடகையில் கழிவு கேட்கவும் விதியில் இடம் உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவை எதற்கும் கையில் ரசீது வேண்டும். பில் இல்லாமல் கையில் பணம் வாங்கும் இணைப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதற்கு இந்தக் கதவுகள் திறக்காது.

கிராமத்தின் நிலை

இதுவரை சொன்ன தேர்வுகள் எல்லாம் தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேல் வழி இருக்கும் ஊர்களுக்குத்தான் பொருந்தும். ஊராட்சிகள்தோறும் ஃபைபர் கொண்டுசெல்லும் தேசியத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவதும் வீட்டுக்கு இணைப்பு வருவதும் வேறு வேறு. இடையிலுள்ள கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆபரேட்டரோ முதலீடோ வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் 2023 ஜூனில் கேஃபோன் என்ற அரசு இணையச் சேவையைத் தொடங்கி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்கு 299 ரூபாய் முதலும் இணையம் தருவதை இலக்காக வைத்தது. இலக்கை எட்டுவதில் அங்கும் தாமதம் உண்டு. ஆனால் மலிவு இணையம் என்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்ற கொள்கை அதில் இருக்கிறது. 2024 இறுதியில் இந்தியா முழுவதும் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் நான்கு கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. மற்ற வீடுகள் பெரும்பாலும் செல்போனின் தினசரி ஜிபிக்குள் வாழ்கின்றன.

யாருக்கு எது?

தெருவில் ஃபைபர் இருந்தால், மூன்று பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கு 30 முதல் 50 எம்பிபிஎஸ் அடிப்படைத் திட்டமே சரியான தேர்வு; நிறுவனத்தைத் தெரு முடிவு செய்யட்டும். ஃபைபர் வராத, ஆனால் 5ஜி நன்றாக எடுக்கும் புறநகர் வீட்டுக்கும், ஆண்டுக்கு ஒரு முறை வீடு மாறும் வாடகைக் குடும்பத்துக்கும் ஏர்ஃபைபர் பொருந்தும்; கேபிள் டிவியை நிறுத்தினால் அதன் கூடுதல் விலை ஈடாகிவிடும். தனி ஆளுக்கும், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவருக்கும் செல்போன் போதும். வீட்டிலிருந்தே சம்பாதிப்பவருக்கு ஃபைபரும், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும், ஒரு சிறு யூபிஎஸ்ஸும் சேர்ந்ததுதான் ஒரு இணைப்பு. அந்தச் செலவைத் தொழிலின் முதலாக எண்ண வேண்டும்.

எதை எடுத்தாலும், இணைப்பு வந்த முதல் மாதத்திலேயே வீட்டிலுள்ள ஒவ்வொரு செல்போனின் ரீசார்ஜையும் குறைத்துவிடுங்கள். அதைச் செய்யாத வரை எந்தத் திட்டமும் மலிவான திட்டம் ஆகாது.